ஐரோப்பாவின் சூனிய வேட்டை: ஆடிட் செய்யப்படாத ஒரு கணக்கு

சூனியக்காரி என்றதும் நம் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் வரும். கூம்புத் தொப்பி, வளைந்த மூக்கு, பறக்கும் துடைப்பம், பக்கத்தில் ஒரு கறுப்புப் பூனை. கார்ட்டூனில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் ஐரோப்பாவில் சுமார் முந்நூறு ஆண்டுகளில் இந்தக் குற்றச்சாட்டின் பேரில் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது இன்றைய வரலாற்று ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதுவும் கும்பல் சேர்ந்து அடித்துக் கொன்றது அல்ல. பெரும்பாலும் நீதிமன்றம், நீதிபதி, எழுத்தர், சாட்சி, தீர்ப்பு என எல்லாம் முறைப்படி நடந்தது!

பி.காம். படிக்கிற எனக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். ஆடிட்டிங் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது இதுதான்: ஒரு என்ட்ரி புத்தகத்தில் இருக்கிறது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. அதற்கு வவுச்சர் வேண்டும். அந்த வவுச்சரும் என்ட்ரி போட்டவரே தயாரித்ததாக இருக்கக் கூடாது. சூனிய வேட்டையைப் பற்றிப் படிக்கப் படிக்க, அது மூடநம்பிக்கையின் கதை மட்டுமல்ல, போலி வவுச்சர்களின் கதையும்கூட என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் சில தவறான கருத்துகள்

ஒன்று: "இதெல்லாம் இருண்ட காலத்தில் நடந்தது." இல்லை நண்பர்களே. வேட்டை உச்சத்தில் இருந்தது ஏறத்தாழ 1560 முதல் 1630 வரை. ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதிய, கலிலியோ தொலைநோக்கியில் வானத்தைப் பார்த்த காலம். நம் பாடத்துக்கே வருவோம். இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூகா பசியோலியின் நூல் வெனிஸில் அச்சானது 1494இல். சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது எப்படி என்று சொல்லும் 'மாலியஸ் மாலிஃபிகாரம்' (சூனியக்காரிகளின் சம்மட்டி என்று பொருள்) அச்சானது 1486இல். இரண்டுக்கும் எட்டே ஆண்டுதான் இடைவெளி. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய 1600ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பெண்கள் எரிந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு: "சர்ச்தான் எரித்தது." பாதி உண்மைதான். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான 'கானோன் எபிஸ்கோபி' என்ற சர்ச் விதி, பெண்கள் இரவில் வானத்தில் பறந்து போகிறார்கள் என்பது வெறும் மனமயக்கம் என்றே சொன்னது. பிற்காலத்தில் மரண தண்டனை கொடுத்தவை பெரும்பாலும் அரசு நீதிமன்றங்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரு தரப்புமே இதில் பங்காளிகள்.

மூன்று: "தொண்ணூறு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்." இது எப்படி வந்தது தெரியுமா? 1784இல் காட்ஃபிரீட் கிறிஸ்டியான் ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர் குவெட்லின்பர்க் என்ற தன் ஊர் ஆவணங்களில் கிடைத்த சில வழக்குகளை எடுத்து, அதே விகிதத்தில் ஐரோப்பா முழுவதற்கும், அதுவும் பதினொரு நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிப் பார்த்தார். கிடைத்த விடை 94,42,994! கடைசி இலக்கம் வரை சுத்தமான கணக்கு. ஆனால் எடுத்த சாம்பிளே தப்பு. மாதிரி சரியில்லை என்றால் பெருக்கல் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்?

நான்கு: "எல்லோரும் பெண்கள், எல்லோரும் எரிக்கப்பட்டார்கள்." கொல்லப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்ட இருபது சொச்சம் பேரில் ஒருவர் மட்டுமே பெண். பிரான்சின் நார்மண்டியிலும் ஆண்களே அதிகம். இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தண்டனை தூக்குக் கயிறு.

ஒரு தோற்றுப்போன விசாரணையாளரின் புத்தகம்

கிராமத்து மக்களுக்குச் சூனியம் என்றால் பழைய பயம்தான். பசு பால் கொடுக்கவில்லை, வெண்ணெய் திரளவில்லை, குழந்தைக்கு ஜுரம் என்றால் பக்கத்து வீட்டுக் கிழவியின் மேல் சந்தேகம். இந்தப் பயம் எல்லா நாட்டிலும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இதோடு புதிதாக ஒன்று சேர்ந்தது. சூனியக்காரி தனி ஆள் இல்லை, அவள் சாத்தானோடு ஒப்பந்தம் செய்தவள், இரவில் கூட்டத்துக்குப் போகிறாள், அங்கே இன்னும் பலர் இருக்கிறார்கள் என்ற கருத்து. அதாவது தனிநபர் குற்றம் ரகசிய இயக்கமாக மாறியது.

இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஹைன்ரிஷ் கிராமர் என்ற துறவி. 1484இல் போப் எட்டாம் இன்னொசென்ட்டிடமிருந்து தனக்குச் சாதகமாக ஓர் ஆணை வாங்கிக்கொண்டு, 1485இல் இன்ஸ்ப்ரூக் நகரில் விசாரணை தொடங்கினார். ஹெலனா ஷாய்பரின் என்ற பெண் அவருக்கு முக்கியக் குற்றவாளி. ஆனால் கிராமர் அந்தரங்கக் கேள்விகளாகவே கேட்டதும், நடைமுறைகளை மீறியதும் அங்கிருந்தவர்களுக்கே பிடிக்கவில்லை. வழக்கு தள்ளுபடியானது. உள்ளூர் பிஷப் அவரை ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

தோற்றுப்போன மனிதர் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே 'மாலியஸ்' புத்தகத்தை எழுதி அச்சிட்டார். அச்சு இயந்திரம் புதிது, புத்தகம் பல பதிப்புகள் கண்டது. இன்ஸ்ப்ரூக்கில் அவரைத் தடுத்து நிறுத்திய அந்த நியாயமான பிஷப் அப்படி எந்தப் புத்தகமும் எழுதவில்லை. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

வாக்குமூலம் என்ற தொழிற்சாலை

1532இல் ஜெர்மானியப் பேரரசு 'கரோலினா' என்ற குற்றவியல் சட்டத்தைக் கொண்டுவந்தது. மரண தண்டனை கொடுக்க இரண்டு நேரடி சாட்சிகள் வேண்டும், அல்லது குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு நல்ல விதிதான். ஆனால் நள்ளிரவில் பறந்து போனதற்கு யார் சாட்சி? ஆக மிச்சம் இருப்பது வாக்குமூலம் மட்டும். போதுமான சந்தேகம் இருந்தால் வாக்குமூலத்துக்காகச் சித்திரவதை செய்யலாம் என்றது சட்டம்.

ஒன்றைக் கவனியுங்கள். இதே சட்டம், ஒருவர் ஒப்புக்கொண்ட விவரங்கள் உண்மைதானா என்று நீதிபதி தனியாக விசாரித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அதாவது ஆடிட் விதி புத்தகத்தில் இருந்தது! ஆனால் சூனியம் 'விதிவிலக்கான குற்றம்', அதற்குச் சாதாரண விதிகள் பொருந்தாது என்று பல நீதிபதிகள் முடிவு செய்துவிட்டார்கள். எங்கே சரிபார்ப்பு மிக அதிகமாகத் தேவையோ, அங்கேயே அதை எடுத்துவிட்டார்கள்.

விளைவு என்ன ஆனது என்பதற்கு பாம்பர்க் ஓர் உதாரணம். 1626 மே மாதக் கடைசியில், கோடை நெருங்கும் நேரத்தில், தென் ஜெர்மனியில் கடும் உறைபனி விழுந்து திராட்சையும் தானியமும் கருகின. யாரோ செய்த வேலை இது என்று மக்கள் நம்பினார்கள். பாம்பர்க்கின் பிஷப்பாகவும் ஆட்சியாளராகவும் இருந்த யோஹான் ஜார்ஜ் ஃபுக்ஸ் ஃபான் டோர்ன்ஹைம் 1627இல் சூனிய வழக்குக் கைதிகளுக்கென்றே தனிச் சிறை கட்டினார். அவர் ஆட்சியில் நூற்றுக்கணக்கானோர் எரிக்கப்பட்டார்கள். வழக்குகளில் மென்மையாக நடந்துகொண்டார் என்பதால் அரசின் சான்சலர் ஜார்ஜ் ஹானே குற்றவாளியாக்கப்பட்டுக் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்.

அந்தச் சிறையில் இருந்தவர்களில் ஒருவர் யோஹானஸ் யூனியஸ். வயது 55, நகரின் மேயராக இருந்தவர். அவருடைய மனைவி அதற்கு முன்பே எரிக்கப்பட்டிருந்தார். 1628 ஜூன் மாதக் கடைசியில் விசாரணை தொடங்கியபோது எல்லாவற்றையும் மறுத்தார். கட்டைவிரல்களை நசுக்கினார்கள், கால்களை நசுக்கினார்கள், கைகளைப் பின்னால் கட்டி மேலே தூக்கிக் கீழே விட்டார்கள். ஜூலை 5ஆம் தேதி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது போதாது, கூட்டத்தில் யாரையெல்லாம் பார்த்தாய் என்று கேட்டார்கள். அவர் தயங்கியபோது தெருத் தெருவாக நினைத்துப் பார்த்துச் சொல்லும்படி வற்புறுத்தினார்கள்.

ஜூலை 24ஆம் தேதி, சிதைந்த கைகளால் தன் மகள் வெரோனிகாவுக்கு ரகசியமாக ஒரு கடிதம் எழுதினார். தான் குற்றமற்றவன் என்றும், சொன்னதெல்லாம் வலி தாங்காமல் கட்டிய கதை என்றும் அதில் இருக்கிறது. எதையாவது கற்பனை செய்து சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இவர்கள் விடமாட்டார்கள் என்று தண்டனை நிறைவேற்றும் ஆளே கெஞ்சினாராம்! ஆகஸ்டில் யூனியஸ் கொல்லப்பட்டார். கடிதம் மகள் கைக்குப் போய்ச் சேரவில்லை. வழக்கு ஆவணங்களோடு இன்றும் பாம்பர்க்கில் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவர் ஐந்து பெயர் சொன்னால், அந்த ஐவர் ஆளுக்கு ஐந்து சொன்னால், மூன்றாவது சுற்றில் 125 பேர். ஒவ்வொரு வாக்குமூலமும் அடுத்த வழக்குக்கு ஆதாரம். எல்லா வாக்குமூலங்களும் ஒரே மாதிரி இருந்தன, அதனால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரே கேள்வித்தாளை வைத்து ஒரே கருவியால் கேட்டால் விடையும் ஒரே மாதிரிதானே வரும்!

இதில் யாருக்கு லாபம்?

காமர்ஸ்காரனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா :-) சொத்தைப் பிடுங்கத்தான் இதையெல்லாம் செய்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். பாம்பர்க்கில் சொத்துப் பறிமுதல் நடந்தது உண்மை. ஆனால் ஐரோப்பா முழுவதும் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது, ஏனென்றால் பலியானவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டியில் 1633இல் வில்லியம் கோக், அலிசன் டிக் என்ற இருவரை எரித்ததற்கான செலவுக் கணக்கு அப்படியே கிடைத்திருக்கிறது. நிலக்கரி பத்துச் சுமை, கயிறு, அவர்களுக்குப் போடத் துணி, தைக்கக் கூலி, நிறைவேற்றியவருக்குச் சம்பளம் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஊரும் சர்ச்சும் செலவைப் பகிர்ந்துகொண்டன. எரித்ததில் ஊருக்கு நஷ்டம்தான்!

ஊருக்கு லாபம் இல்லை, ஆனால் நடுவில் இருந்தவர்களுக்கு இருந்தது. ட்ரியர் நகரில் 1580களில் நடந்த வேட்டையைக் குறித்துவைத்த யோஹான் லின்டன் என்ற பாதிரியார், விவசாயிகள் ஓட்டாண்டிகளானபோது தண்டனை நிறைவேற்றுபவர் பிரபு போலக் குதிரையில் பவனி வந்ததையும், எழுத்தர்கள் செழித்ததையும் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1645 முதல் 1647 வரை ஊர் ஊராகப் போன மாத்யூ ஹாப்கின்ஸுக்கும் அவர் ஆட்களுக்கும் ஸ்டோமார்க்கெட் என்ற ஊர் மட்டும் 23 பவுண்டு கொடுத்தது. ஒரு கூலித் தொழிலாளிக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங் என்று தாராளமாகவே வைத்தாலும் அது 460 நாள் கூலி. சூனியக்காரி கிடைத்தால் பணம், கிடைக்காவிட்டால் அடுத்த ஊரில் யார் கூப்பிடுவார்கள்? இங்கிலாந்தில் சித்திரவதைக்கு அனுமதி இல்லை. அதனால் ஹாப்கின்ஸ் நாள்கணக்கில் தூங்கவிடாமல் வைத்து வாக்குமூலம் வாங்கினார்.

ஒரு மகன் எழுதிய பதில்

இனி சொல்லப்போகும் வழக்குதான் என்னை மிகவும் பாதித்தது. கோள்கள் சூரியனை எப்படிச் சுற்றுகின்றன என்ற விதிகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அந்த யோஹானஸ் கெப்ளரின் அம்மா கத்தரீனா, வுர்டெம்பர்க்கின் லியோன்பர்க் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். கணவர் கூலிப்படைச் சிப்பாயாகப் போய்த் திரும்பவே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது, மூலிகைக் கஷாயம் காய்ச்சத் தெரியும், வாயும் கொஞ்சம் அதிகம். இது போதாதா ஊருக்கு?

1615இல் உர்சுலா ரைன்போல்ட் என்ற பெண், கத்தரீனா கொடுத்த பானத்தைக் குடித்ததால்தான் தனக்கு நோய் வந்தது என்றார். அவருடைய சகோதரரும் நகர நிர்வாகி லூதர் ஐன்ஹோர்னும் கத்தரீனாவை வரவழைத்து, சகோதரர் கத்தியை நீட்டி, நோயைத் திருப்பி எடு என்று மிரட்டினார்கள். குடும்பம் அவதூறு வழக்கு போட்டது. ஆனால் அதை விசாரிக்க வேண்டியவரே ஐன்ஹோர்ன்! புகார் வளர்ந்தது. ஒரு சிறுமிக்குக் கை வலித்தது, அந்தப் பக்கமாகப் போனவர் கத்தரீனா. ஊர் வாத்தியார் நொண்டியானார், ஒருகாலத்தில் அவர் வீட்டில் குடித்திருந்தார். பயந்துபோன கத்தரீனா, விஷயத்தை மேலே அனுப்ப வேண்டாம் என்று ஐன்ஹோர்னுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை தருவதாகச் சொன்னார். அதுவும் அவருக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது.

1620 ஆகஸ்ட் 7ஆம் தேதி, மகள் வீட்டில் தங்கியிருந்தவரைத் துணிப் பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். வயது எழுபதுக்கும் மேல். சங்கிலியில் கட்டி, காவலுக்கு இருவர். அவர்களின் செலவும் கத்தரீனாவின் சொத்திலிருந்தே! பதினான்கு மாதச் சிறை.

பேரரசரின் கணிதவியலாளரான கெப்ளர் எல்லா வேலையையும் விட்டுவிட்டு லின்ஸ் நகரிலிருந்து வந்தார். சூனியம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று அவர் வாதாடவில்லை, அது அவருடைய நம்பிக்கையும் அல்ல. அவர் செய்தது, ஒவ்வொரு புகாரையும் தனித்தனியாக எடுத்துச் சரிபார்த்தது. உர்சுலாவின் நோய் எப்போது ஆரம்பித்தது? அந்தப் பானத்துக்கு முன்பா பின்பா? சகோதரர் கொடுத்த மருந்துகள் என்ன செய்தன? வாத்தியார் நொண்டியானது பள்ளத்தைத் தாண்டிக் குதித்ததில். சிறுமி அன்று சுமந்தது செங்கல். சாட்சிகள் முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் எங்கே முரண்படுகின்றன? இப்படி 128 பக்கம். நட்சத்திரங்களை அளந்த அதே கவனம், ஊர் வம்பை அளப்பதற்கும் பயன்பட்டது.

வழக்கு ட்யூபிங்கன் சட்டப் பேராசிரியர்களிடம் போனது. முழு விடுதலை தர அவர்களுக்கு மனம் வரவில்லை. கருவிகளைக் காட்டி மிரட்டிப் பாருங்கள், ஆனால் தொடக் கூடாது என்றார்கள். 1621 இலையுதிர் காலத்தில் கத்தரீனாவை அந்த அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். என் உடம்பிலிருந்து நரம்பு நரம்பாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லி, முழந்தாளிட்டு ஜெபம் செய்தார் அந்தக் கிழவி. விடுதலையானார். ஆறு மாதத்தில், 1622 ஏப்ரலில், இறந்துபோனார்.

இங்கே எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. கெப்ளரைப் போன்ற மகன் இல்லாத தாய்மார்களின் கதி என்ன? அதே லியோன்பர்க்கில் அதே ஐன்ஹோர்ன் விசாரித்த மற்ற பெண்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை. உண்மை கத்தரீனா பக்கம் இருந்ததால் மட்டும் அவர் பிழைக்கவில்லை. 128 பக்கம் எழுத ஓர் ஆள் இருந்ததால் பிழைத்தார்.

வந்தார் ஒரு ஆடிட்டர்

விசாரணை செய்பவரே சரிபார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அதுவும் நாம் கொஞ்சமும் எதிர்பார்க்காத இடத்தில், ஸ்பானிய இன்குவிசிஷனில்!

1610 நவம்பரில் ஸ்பெயினின் லோக்ரோனோ நகரில் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த ஆறு பேர் சூனியத்துக்காக எரிக்கப்பட்டார்கள். சிறையிலேயே இறந்துபோன ஐந்து பேரின் உருவ பொம்மைகளும் எரிந்தன. மூன்று நீதிபதிகளில் இளையவரான அலோன்சோ டி சலசார் ஃப்ரியாஸுக்கு மட்டும் இந்தச் சாட்சியங்களில் திருப்தி இல்லை. 1611இல் அவர் மன்னிப்பு ஆணையோடு மலைக் கிராமங்களுக்குப் புறப்பட்டார். எட்டு மாதப் பயணத்தில் 1,802 பேர் வந்து பேசினார்கள். அவர்களில் 1,384 பேர் சிறுவர் சிறுமியர்!

சலசார் என்ன செய்தார் தெரியுமா? ஒரே கூட்டத்துக்குப் போனதாகச் சொன்னவர்களைத் தனித்தனியாக வைத்து, எங்கே நடந்தது, எந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்டார். பதில்கள் ஒத்துப்போகவில்லை. பறப்பதற்கான மந்திரத் தைலம் என்று கொண்டுவரப்பட்ட ஜாடிகளைச் சோதித்தார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் நெருக்கடி தாங்காமல் வீட்டில் கலக்கிய சாதாரணப் பொருள்கள். கடைசியில், சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய பிறகுதான் இந்த ஊர்களில் சூனியக்காரிகளே தோன்றினார்கள் என்ற முடிவுக்கு வந்தார். 1614இல் இன்குவிசிஷனின் தலைமைக் குழு அவர் பக்கம் சாய்ந்து, கடுமையான சாட்சிய விதிகளைக் கொண்டுவந்தது. அதன்பின் சூனியத்துக்காக எரிப்பதை ஸ்பானிய இன்குவிசிஷன் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. பாம்பர்க்கின் நெருப்பு பற்றி எரிந்தது அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் என்பதை நினைவில் வையுங்கள். சரியான வழி ஒரு நாட்டில் தெரிந்திருந்தது, இன்னொரு நாட்டில் அதை யாரும் கேட்கவில்லை.

ஜெர்மனியிலும் குரல்கள் எழாமல் இல்லை. யோஹான் வையர் என்ற மருத்துவர் 1563லேயே, இவர்கள் தண்டனைக்குரியவர்கள் அல்ல, மனநோயாளிகள் என்று எழுதினார். ஃபிரீட்ரிஷ் ஷ்பே என்ற பாதிரியார் 1631இல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சித்திரவதை செய்தால் யாரையும் சூனியக்காரியாக்கலாம், நீதிபதிகளையும்கூட, என்பதே அதன் சாரம்.

எப்படி முடிந்தது?

மக்கள் ஒருநாள் திடீரென்று பகுத்தறிவு பெற்றதால் இது முடியவில்லை. கிராமங்களில் நம்பிக்கை அப்படியேதான் இருந்தது. மாறியது நீதிமன்றம். மேல்முறையீட்டு மன்றங்கள் உள்ளூர்த் தீர்ப்புகளைத் திருப்பி அனுப்பின. சித்திரவதைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1682இல் பிரான்சில் பதினான்காம் லூயி, 1735இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் என்று சட்டங்கள் மாறின. சூனியத்தை நம்புகிறவர்கள் இருந்தார்கள், ஆனால் அந்த நம்பிக்கைக்கு நீதிபதியின் கையெழுத்து கிடைக்கவில்லை.

1782இல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸில் ஆனா கோல்டி என்ற வேலைக்காரப் பெண், எஜமானரின் குழந்தைக்குச் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். ஐரோப்பாவில் இவ்வகையில் சட்டப்படி நடந்த கடைசி மரண தண்டனைகளில் ஒன்று அது. தீர்ப்பில் சூனியம் என்ற சொல்லைத் தவிர்த்து, விஷம் கொடுத்தது என்று எழுதிக்கொண்டார்கள். அந்த அளவுக்காவது வெட்கம் வந்திருந்தது. 2008இல் கிளாரஸ் பாராளுமன்றம் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. 226 ஆண்டு தாமதமாக ஒரு திருத்த என்ட்ரி!

அன்றைய மனிதர்கள் முட்டாள்கள், நாம் அறிவாளிகள் என்று இதைப் படித்து முடித்துவிடுவது சுலபம். ஆனால் பாம்பர்க்கில் விசாரித்தவர்கள் சட்டம் படித்தவர்கள். சலசாரும் அதே சட்டம் படித்தவர், அதே கடவுளை நம்பியவர். கெப்ளரும் சூனியத்தை மறுத்தவர் அல்ல. வித்தியாசம் எங்கே என்றால், இவர்கள் இருவரும் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இதற்கு என்ன ஆதாரம், அது எங்கிருந்து வந்தது?" ஊரே ஒருவரை நோக்கி விரல் நீட்டும்போது இந்தக் கேள்வியைக் கேட்பது, கேட்பவருக்கே ஆபத்து. ஜார்ஜ் ஹானுக்கு நேர்ந்தது அதுதான். அப்படியிருந்தும் சிலர் கேட்டார்கள், அதனால் சில உயிர்கள் பிழைத்தன.

ஆடிட்டிங் புத்தகத்தை வெறும் பரீட்சைக்காகப் படிக்கிற நண்பர்களே, வவுச்சர் கேட்பது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.